பாண்டில காசில்லாம படமும் பாட்டும், என் ரிவ்யூ

தூத்துக்குடில இருந்து வேலைக்குன்னு பாண்டி வந்து ஏழு வருஷம் ஆச்சு, மொத ரெண்டு வருஷம் எனக்கு இந்த ஊருன்னா வாடகையும் புழுக்கமும்தான். அப்புறம் ரூம்மேட் ஒருத்தன் அலியான்ஸ் பிரான்சேஸ்ங்குற பிரெஞ்சு மொழி, கலாச்சார மையத்துல நடக்குற இந்தியத் திரைப்பட விழாவுக்கு இழுத்துட்டுப் போனான். டிக்கெட்டே கிடையாது, போய் உக்காந்தா படம். தொடக்க நாள்ல ஒரு தமிழ்ப் படத்துக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல புதுச்சேரி அரசு விருது குடுக்கும்.

அந்தப் பேரைக் கேட்டதும் நிமிந்து உக்காந்துட்டேன், ஏன்னா சுவாமிகள் எங்க ஊர்ப்பக்கம், காட்டுநாயக்கன்பட்டி. ஊர் ஊரா நாடகம் போட்டு சுத்துன மனுஷன் 1922ல இங்கதான் கண்ண மூடிருக்கார், சமாதி கருவடிக்குப்பத்துல இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமையே வண்டிய எடுத்துட்டுப் போய் பாத்துட்டு வந்தேன். நமக்கு முன்னாடியே நம்மாளு ஒருத்தர் வந்து செட்டில் ஆயிருக்காருய்யா!

மறுவருஷம் ஒரு மலையாளப் படம். பக்கத்து சீட்டு தாத்தா சப்டைட்டில படிச்சு படிச்சு பாட்டி காதுல தமிழ்ல சொல்லிட்டே வராரு, கடைசி பத்து நிமிஷம் அவர் கண்ணத் தொடைக்கிறதுல சொல்ல விட்டுட்டாரு, பாட்டி "என்னாச்சுங்க, செத்துட்டானா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டாங்க. படம் பேரு மறந்துபோச்சு, இது மறக்கல.

பாட்டுக்கு ஜூன் மாசம். 1982ல பிரான்ஸ்ல ஆரம்பிச்ச ஃபெத் த லா முசிக்ங்குற இசைத் திருவிழா, ஜூன் 21, தெருவுல யார் வேணா வாசிக்கலாம், காசு வாங்கக் கூடாது, அதான் கான்செப்ட். இங்கயும் அலியான்ஸ் புண்ணியத்துல நடக்குது, சில வருஷம் தேதி மட்டும் முன்னபின்ன ஆகும். போன தடவ ஒரு பக்கம் கிட்டார் பசங்க, கொஞ்சம் தள்ளி பறை, நான் நின்னது ரெண்டு சத்தமும் கலக்குற எடத்துல, அங்கருந்து நகரவே மனசு வரல. இதே ஊர்ல ஒரு ரெஸ்டாரண்ட்ல 'லைவ் மியூசிக்'னு போர்டு பாத்து உள்ள போய் ஐநூறு ரூவா அழுதிருக்கேன், ஒருத்தர் லேப்டாப்ல கரோக்கி போட்டு பாடுறாரு, அதுவும் போன்ல லிரிக்ஸ் பாத்து!

ரேட்டிங், பாட்டுக்கு 5க்கு 5. படத்துக்கு 4.5, அரை மார்க்க பின் சீட்ல மூணு தடவ ரிங்டோன் அடிக்கவிட்ட அண்ணன் கணக்குல எழுதிக்கோங்க. படத்துக்கு அரைமணி நேரம் முன்னாடியே போயிடுங்க, நான் ஒருதடவ லேட்டாப் போய் படிக்கட்டுலதான் உக்காந்தேன்.