மூடிலில் மாணவர் கலந்துரையாடலுக்குப் புள்ளி போடுதல்: ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியரின் அனுபவம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, உயர்தரப் புவியியல் வகுப்பை நான் வட்ஸ்அப்பில்தான் தொடங்கினேன். குறிப்பு அனுப்ப அது போதும். பிள்ளைகள் தமக்குள் வாதிட்டதற்குப் புள்ளி போட அது உதவாது. காலை வணக்கங்களுக்கு நடுவே யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பதே தொலைந்துவிடும். அதனால் பாடங்களையும் கலந்துரையாடல்களையும் இணையத்தில் நடத்த உதவும் மூடில் (Moodle) என்ற கற்றல் தளத்துக்கு மாறினேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மறுபடியும் வீட்டிலிருந்தே படிப்பு என்றானபோதும் அதுதான் கைகொடுத்தது. இன்றும் நேரடி வகுப்போடு சேர்த்துப் பயன்படுத்துகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் 'கேள்வி-பதில்' வகைக் கலந்துரையாடல். தன் பதிலை எழுதும்வரை மாணவருக்கு மற்றவர்களின் பதில் தெரியாது. எழுதிய பிறகும் திருத்துவதற்கான நேரம், வழக்கமாக 30 நிமிடம், கழிந்தால்தான் திறக்கும். முதலில் எழுதியவரைப் பார்த்து 'நானும் அப்படியே நினைக்கிறேன்' என்று ஒற்றை வரி போடும் பழக்கம் இதனால் நின்றது.

ஒருமுறை கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவைக் கேள்வியாக வைத்தேன். கனமழையே காரணம் என்று பலரும் எழுதினார்கள். ஒரு மாணவி, 'அதே மழை பக்கத்து மலையிலும் பெய்திருக்குமே, அது ஏன் சரியவில்லை?' என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. சரிவின் கோணம் வந்தது, மண்ணின் ஆழம் வந்தது. தோட்டத்தில் கான் வெட்டுகிறவரின் மகன், 'எங்கள் மலையில் கான்களைத் துப்புரவாக்குவது குறைந்துவிட்டது, மழைநீர் ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது' என்று எழுதினான். மழைதான் காரணம் என்று முதலில் அடித்துச் சொன்ன மாணவன் மறுநாள் வந்து, 'மழை கடைசியாகத் தள்ளியது, அதற்கு முன்பே சரிவு பலவீனமாகியிருக்க வேண்டும்' என்று தன் கருத்தை மாற்றினான்.

இந்த உரையாடலைத் திருப்பியது அந்த மாணவியின் ஒற்றை வரி. ஆனால் மூடில் தரும் சுருக்க அறிக்கை பதிவுகளையும் சொற்களையும் எண்ணித்தான் காட்டுகிறது. அதில் அவள் கடைசி வரிசையில் இருந்தாள். எத்தனை பதிவு, எத்தனை சொல் என்ற கணக்கில் புள்ளி போடுவது அநியாயம் என்பேன். எங்கள் பக்கத்தில் அது இன்னும் பெரிய அநியாயம். தொலைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை இரவில்தான் எழுத முடியும். சில லயங்களில் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏற வேண்டும். இணைப்பு இல்லாதபோதும் எழுதிவைத்து, கிடைத்ததும் அனுப்பிக்கொள்ள மூடில் செயலி இடம் தருவது இங்கே பேருதவி. நான் ஒரு கேள்விக்கு ஒரு வாரம் முழுதும் தருகிறேன். பிந்தியதற்காகப் புள்ளி குறைப்பதில்லை.

புள்ளித்திட்டத்துக்கு எனக்கு வழிகாட்டியது கரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் என்ற கல்வி ஆய்வாளர்கள் இணையவழிக் கற்றல் பற்றி 2000இல் முன்வைத்த சட்டகம். சிந்தனை தூண்டலில் தொடங்கி, தேடல், ஒருங்கிணைப்பு, தீர்வு என்று நகர்வதை அவர்கள் நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். என் வகுப்பின் பெரும்பாலான உரையாடல்கள் தேடலோடு, அதாவது ஆளுக்கொரு கருத்தைச் சொல்வதோடு, நின்றுவிடும். ஆகவே பாதிப் புள்ளியை, மற்றவர் சொன்னதை எடுத்து ஓர் அடியாவது நகர்த்தியதற்கு ஒதுக்கியிருக்கிறேன். தன் கருத்தைக் காரணத்தோடு மாற்றிக்கொள்பவருக்கும் அதில் முழுப் புள்ளி உண்டு. மூடிலின் 3.8 பதிப்பிலிருந்து ஒரு மாணவரின் பதிவுகளையெல்லாம் ஒரே திரையில் வாசித்து, புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்தே மதிப்பிடலாம். நேரம் மிச்சம்.

தமிழ்த் தட்டச்சுக்குத் தடுமாறுகிறவர்களுக்குக் குரல் பதிவு இருக்கிறது. இயல்பாக இரண்டு நிமிட வரம்பு. ஒரு கருத்தைச் சொல்ல அது தாராளம்.

குழு வேலையில்தான் குறை. மூவர் ஒரே தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்து எழுதினாலும் பதிவு ஒருவர் பெயரில்தான் நிற்கும். யார் எதைச் செய்தார் என்று மூவரையும் இரண்டு வரி தனித்தனியாக எழுதச் சொல்லி, மற்ற இருவரின் புள்ளியை நானே கையால் ஏற்றுகிறேன். மூடிலின் விக்கியில் யார் எதைத் திருத்தினார் என்ற வரலாறு பதிவாகும், ஆனால் சின்னத் திரையில் பிள்ளைகளுக்கு அது சிரமமாக இருக்கிறது. கணினி அறை திறந்திருக்கும் நாட்களில் மட்டும் அதைக் கொடுக்கிறேன்.