வன்னியில் காணிப் பிணக்கு: இணக்கசபையா, 66ஆம் பிரிவா, மாவட்ட நீதிமன்றமா?

எந்தப் படி ஏறுவது என்று யோசிக்க முதல், கையில் இருக்கும் கடதாசியை எடுத்துப் பாருங்கள். அது உறுதியா (காணி உங்களுடையது என்று காட்டும் பத்திரம்), பேர்மிற்றா (அரசு தரும் அனுமதிப்பத்திரம்)? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாக் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வயல் வைத்திருக்கும் பல குடும்பங்களின் நிலைமை இதுதான். பேர்மிற் காணி அரச காணி. உறுதிக் காணிக்குப் பொருந்தும் வழிகளில் பாதி இதற்குப் பொருந்தாது. பத்து வருடம் ஆண்டால் காணி தனக்காகிவிடும் என்ற நம்பிக்கை உறுதிக் காணியில், அதுவும் நிபந்தனைகளோடுதான், செல்லும். அரசுக்கு எதிராக ஆட்சிக்காலம், அதாவது காணியைக் கைவசம் வைத்திருந்த காலம், ஓடாது.

அடுத்துக் கேட்க வேண்டியது, பிணக்கு எதைப் பற்றியது என்பது. இப்போது காணிக்குள் யார் நிற்கிறார் என்பதா, காணி யாருடையது என்பதா, ஒழுங்கையும் வாய்க்காலுமா? ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

ஆளை வெளியே தள்ளிவிட்டு வேலி அடைத்துவிட்டார்கள் என்றால், முதல் வாசல் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. அமைதி குலையும் அபாயம் உள்ள காணிப் பிணக்கைப் பொலிஸார் ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பொலிஸ் செய்யாவிட்டால், பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசியோடு தகவல் தாக்கல் செய்யலாம். காணி யாருடையது என்ற உரித்தை நீதிமன்றம் ஆராயாது. தகவல் தாக்கலான நாளில் யாருடைய ஆட்சியில் காணி இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்ற இரண்டையும்தான் பார்க்கும். வெளியேற்றப்பட்டது நிரூபணமானால் ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கும்.

அநேகம் பேர் கோட்டை விடுவது இந்த இரண்டு மாதத்தில்தான். பொலிஸில் முறைப்பாடு போட்ட நாளிலிருந்து கணக்கு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் பார்ப்பது நீதிமன்றத்தில் தகவல் தாக்கலான நாளிலிருந்து பின்னோக்கி. பொலிஸ் கூப்பிட்டு விசாரிக்கும், இரு பகுதியையும் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபைக்கு அனுப்பும், இடையில் ஒரு பொங்கலோ திருவிழாவோ வந்து போகும். அதற்குள் அறுபது நாள் முடிந்துவிடும். முறைப்பாட்டின் பிரதியை வாங்கிக்கொண்டு அதே கிழமை சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

சத்தியக் கடதாசியில் "எனது காணி" என்று பத்து வரி எழுதுவதால் பயன் இல்லை. எப்போது என்ன பயிர் வைத்தீர்கள், வேலி எங்கே போனது, எந்த நாளில் யார் வந்து எதைப் பிடுங்கினார் என்பது வேண்டும். கமநல சேவை நிலையத்துப் பதிவு, மின் பட்டியல், கிணறு கட்டிய பற்றுச்சீட்டு, திகதி தெரியும் படங்கள் எல்லாம் அதனோடு இணைய வேண்டும். விசாரணை பெரும்பாலும் சத்தியக் கடதாசிகளை வைத்தே முடிவதால், அதில் விட்டதைப் பிறகு வாயால் சொல்லிச் சரிப்படுத்துவது கடினம். கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு இல்லை. மீளாய்வு கோரி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டளை தற்காலிகமானது. தோற்றவர் உரித்து வழக்குப் போட்டு வென்றால் நிலைமை மாறும். ஒழுங்கை, வாய்க்கால் போன்ற உரிமைகளுக்கும் 69ஆம் பிரிவின் கீழ் இதே நீதிமன்றம் கட்டளை இடலாம்.

எல்லைக் கதியாலை (வேலிக் கம்பை) ஒரு அடி தள்ளி நட்டது, ஒழுங்கையை ஒடுக்கியது, குத்தகைக் காசு கொடுக்காதது போன்றவற்றுக்கு 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இணக்கசபைதான் எங்கள் தெரிவு. சட்டத்தரணி வாதாட வர மாட்டார், செலவு இல்லை என்றே சொல்லலாம், நாளைக்கும் பக்கத்தில் வாழப்போகிற ஆளோடு முகம் முறியாது. குறிப்பிட்ட பெறுமதிக்குட்பட்ட பிணக்குகளுக்கு, இணக்கம் வரவில்லை என்று சபை தரும் இணங்காமைச் சான்றிதழ் இல்லாமல் சிவில் வழக்கே போட முடியாது. அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அனுப்பாமல் நேரே போய்ச் செய்த இணக்கத்தை மற்றவர் மீறினால், திரும்பச் சபைக்கே அறிவித்து, அங்கும் சரிவராவிட்டால் சான்றிதழோடு வழக்குக்குப் போக வேண்டியதுதான். ஆகவே "எல்லையைச் சரிசெய்வோம்" என்று பொதுவாக எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டாம். எந்தக் கல்லிலிருந்து எந்த மரம் வரை, எத்தனை அடி அகலம், வேலிச் செலவு யாருடையது, எந்தத் திகதிக்குள் என்று எழுதுவியுங்கள். அதற்கு முதல் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். பழைய வேலியின் பூவரசு, கிளுவை அடிமரங்கள் எங்கே நிற்கின்றன, எவ்வளவு முற்றியவை என்பதை அவர் அறிக்கையில் குறித்துத் தந்தால் அதுவே பெரிய சாட்சி.

உரித்து, பங்கு பிரிப்பு, கள்ள உறுதி என்றால் மாவட்ட நீதிமன்றம் தவிர வேறு வழி இல்லை. வருடக்கணக்கில் இழுபடும். நீதிமன்றம் நியமிக்கும் ஆணையாளரின் நில அளவைக்கும் தவணைக்குத் தவணையும் காசு போகும். பிணக்கு ஒரு பாகத்து வேலிக்குத்தான் என்றால் இவ்வளவும் தேவையா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். போட்டால், வழக்கு நடப்பதைக் காணிப் பதிவகத்தில் பதிய மறக்காதீர்கள். பதியாவிட்டால் நடுவில் காணியை வாங்கியவரோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

பேர்மிற் காணியில் பின்னுரிமை (உரியவருக்குப் பின் யாருக்கு), அதற்கான நியமனம், எழுத்துப் பிழை என்றால் பிரதேச செயலகத்துக் காணிப் பகுதிக்குப் போவதுதான் சரி. வயல் நீரை மறித்தல், வண்டிப்பாதை அடைத்தல் என்றால் கமநல சேவை நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வாய்க்காலைத் தெரிந்த உத்தியோகத்தரே வந்து பார்ப்பார்.

பேர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெறும் உடன்படிக்கையில் வாங்கியவர்கள்தான் எல்லா வாசலிலும் சிக்குகிறார்கள். விற்றவர் இறந்தபின் பிள்ளைகள் வந்து தள்ளினால் 66இல் ஆட்சியைக் காப்பாற்றலாம். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் உரித்துக் கேட்க முடியாது. அரசு 1979இன் 7ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீளப் பெறும் சட்டத்தின் கீழ் நீதவானிடம் போனால், செல்லுபடியாகும் எழுத்துமூல அனுமதியைக் காட்டுவது மட்டுமே தப்பும் வழி. அப்படி வாங்கியவர்கள், விற்றவர் உயிரோடு இருக்கும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு செயலகத்துக்குப் போய், கைமாற்றத்துக்கு அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.