பிளஸ் டூ மார்க்கா, நீட் மார்க்கா?

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை மருத்துவ சீட்டுக்கு பிளஸ் டூ மார்க்தான் அளவுகோல். 2017-ல் நீட் வந்தது. இதில் எது பிள்ளைகளின் அறிவைச் சரியாக அளக்கிறது?

பிளஸ் டூ மார்க் பெரும்பாலும் மனப்பாடத்தை அளந்தது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே ஓட்டின. என் பக்கத்து பெஞ்ச் தோழி இயற்பியல் டெரிவேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். நடுவில் நிறுத்தி, "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவாள். ஆனால் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து அவள் படித்த படிப்பு லேசானதல்ல. அந்த உழைப்பும் அந்த மார்க்கில் இருந்தது.

நீட்டில் 180 கேள்விகள், 720 மார்க். தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும். புரிந்து படித்தவருக்கு இது சாதகம், சரி. கோச்சிங்குக்குப் பணம் கட்டி, ஒரு வருடம் வீட்டில் இருந்து திரும்ப எழுத முடிந்தவருக்கு அதைவிடச் சாதகம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தேவைப்பட்டதே அதனால்தானே?

கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜன் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். அவருடைய கணக்கு அந்த மார்க்கில் தெரியவில்லை. அப்புறம் எந்தப் பரீட்சையை முழுதாக நம்புவது?

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் பிளஸ் டூ பக்கம். அதற்குப் பள்ளிப் புத்தகமும் நல்ல வாத்தியாரும் இருந்தால் போதும். கேள்வித்தாளை மட்டும் மாற்ற வேண்டும்.