வியாசர்பாடி ஜிம்மில் ஒரு கணக்கு: நேச்சுரலா, சைக்கிளா?

வியாசர்பாடியில் நான் போகும் ஜிம்மில், மூன்றாண்டுகளாகப் பயிற்சி செய்துவரும் தம்பி ஒருவர், “அண்ணே, இதுக்கு மேல நேச்சுரலா ஏறாது போலிருக்கு, ஒரே ஒரு சைக்கிள் போட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டார். சைக்கிள் என்றால், தசையை ஏற்றச் சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோன் வகை மருந்து, எடுத்துக்கொள்வது. அந்த ‘ஒரே ஒரு’தான் எனக்கு இடறியது.

இயற்கையான தசை வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்பது மெய். கொழுப்பு நீங்கலான உடல் எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், ஸ்டீராய்டு எடுக்காத ஆண்களிடம் 25-ஐத் தாண்டுவது அரிது என்று 1995-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 170 செ.மீ. உயரமுள்ள இவருக்கு அந்த எல்லை ஏறக்குறைய 72 கிலோ. 12 சதவீதக் கொழுப்பையும் சேர்த்தால் 82 கிலோ. இவருடைய மொத்த எடையோ 68 கிலோ. இவர் முட்டி நிற்பது உடலின் எல்லையில் அன்று, சாப்பாட்டின் எல்லையில். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 109 கிராம் புரதம் வேண்டும். இரண்டு அவித்த முட்டையில் கிடைப்பது 12 கிராம்தான், சாம்பாரில் நீந்தும் பருப்பு மிச்சத்தை ஈடுகட்டாது.

அதற்காக ஊசியின் பலத்தைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைப் பத்து வாரம் எடுத்துக்கொண்டு, உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கூடக் கொழுப்பற்ற எடை சுமார் 3 கிலோ கூடியது. மருந்தின்றிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கூடியது சுமார் 2 கிலோ. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6 கிலோ. வியர்வை சிந்தியவனைச் சும்மா இருந்தவன் முந்துகிறான் என்பது வயிற்றெரிச்சலான செய்திதான்.

ஆனால், வெளியிலிருந்து ஹார்மோன் வரத் தொடங்கியதும், விதைப்பைக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுவிடுகிறது. விதைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது. மருந்தை நிறுத்திய பிறகு சொந்தச் சுரப்பு மீளப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். அந்த இடைவெளியில் சேர்த்த தசை வடிந்து, மனமும் சோர்ந்துபோகும்போது, அடுத்த சைக்கிளைத் தேடாமல் இருப்பவர் குறைவு. இதற்கிடையே நல்ல கொழுப்பு இறங்குகிறது, இதயச் சுவர் தடிக்கலாம், மாத்திரை வகைகள் கல்லீரலையும் பதம் பார்க்கின்றன. எங்கள் ஜிம்மிலேயே மூத்தவர் ஒருவர் அக்னி நட்சத்திர வெயிலிலும் தொளதொள கறுப்பு டீ-சர்ட்டைக் கழற்றுவதில்லை. மார்புக் காம்புக்கடியில் திரண்டுவிட்ட சுரப்பித் திசுவுக்கு இனி அறுவை சிகிச்சைதான் வழி. போதாக்குறைக்கு, கைமாறி வரும் குப்பிக்குள் இருப்பது லேபிளில் உள்ள மருந்துதானா என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைபாடு உறுதியாகி மருத்துவர் எழுதித் தருவது வேறு சங்கதி. ஆணழகன் மேடையையே தொழிலாகக் கொண்டவரின் கணக்கும் எனக்குப் புரிகிறது, உடன்பாடில்லை என்றாலும். இரவு ஷிப்ட் பார்க்கும் இந்தத் தம்பிக்கு இரண்டும் பொருந்தாது.

ஒரு மாதம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது: முட்டை 5, மீல் மேக்கர் ஒரு கைப்பிடி, தூக்கம் 4½ மணி நேரம். கடைசி வரியைப் பேனாவால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.