கோயாவின் ‘லோஸ் காப்ரிச்சோஸ்’ அச்சுகள்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

“கோயாவின் அசல் தகட்டிலிருந்து எடுத்தது” என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பானிய ஓவியர் கோயாவின் அங்கதப் படத் தொடரான காப்ரிச்சோஸின் 80 செப்புத் தகடுகளும் மாட்ரிட்டில், கால்கோகிராஃபியா நாசியோனால் என்ற அச்சுத்தகட்டுக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 1799இல் வந்த முதல் பதிப்பையும் சேர்த்து 1937 வரை அவற்றிலிருந்து 12 பதிப்புகள் வந்தன. தகடு ஒன்றுதான், ஆனால் சரக்கு ஒன்றல்ல.

வேறுபாடு அக்வாடிண்டில், அதாவது கோடில்லாமல் நிழலடர்த்தி தரும் தகட்டு முறையில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய செப்புத் தகட்டின் மேல் ரோசின் (பைன் மரப் பிசின்) தூளை மெல்லப் படியவிட்டு, அடியில் சூடு காட்டுவார்கள். தூள் உருகி, கண்ணாடிபோல் மினுங்கித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, தகட்டை அமிலத்தில் இறக்குவார்கள். அமிலம் துகள்களைச் சுற்றியுள்ள செம்பை அரிக்கும். சில நொடிகளில் எடுத்தால் இளஞ்சாம்பல் நிறம் கிடைக்கும். அந்த இடத்தையும் மூடிவிட்டு மறுபடி இறக்கினால் அடுத்த அடர்த்தி. இப்படிப் படிப்படியாகக் கருமைக்குப் போக வேண்டும். சூடு மிஞ்சினால் துகள்கள் ஒன்றாக ஓடிப் பரவிவிடும், அமிலத்துக்கு வழியே இருக்காது. சூடு போதாவிட்டால் துகள்கள் அமிலத்தில் கழன்றுவிடும். அளவுக்கு மீறி அரிக்கவிட்டால் மை பிடிக்கும் மேடுபள்ளம் போய், கருமை வர வேண்டிய இடம் மந்தமாக வெளுக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வந்த பரப்பு மிக மெல்லியது. ஒவ்வொரு தாளுக்கும் தகட்டில் மை பூசித் துடைக்கிறார்கள், பிறகு உருளையில் அழுத்துகிறார்கள். அதில் துகள் மேடுகள் தேய்கின்றன. அமிலத்தால் ஆழமாக அரித்த எட்சிங் கோடு பலநூறு தாள் தாங்கும். அக்வாடிண்ட் தாங்காது. பின்னாளில் மின்பகுப்பு முறையில் செம்பின் மேல் இரும்புப் பூச்சு ஏற்றும் வழக்கம் வந்தது. அது மிச்சத்தைக் காக்கும், போனதை மீட்காது.

காப்ரிச்சோஸில் இந்த இழப்பு அழகோடு நிற்பதில்லை. 1799 பிப்ரவரி 6 அன்று தியாரியோ தெ மாட்ரிட் நாளிதழில் வந்த விளம்பரமே, எந்தத் தனிமனிதரையும் குறித்துப் படங்கள் வரையப்படவில்லை என்று முன்கூட்டியே கைகழுவிக்கொண்டது. 80 படங்களும் சேர்த்து 320 ரியால். விற்ற இடம் தெசெங்கான்யோ தெருவில் ஒரு வாசனைத் திரவியக் கடை. அந்தத் தெருப் பெயருக்கு ‘மயக்கம் தெளிதல்’ என்று பொருள், யார் திட்டமிட்டாலும் இப்படி அமையாது! 27 தொகுதிகளே விற்றன. மத விசாரணை மன்றத்தின் நிழலில் விற்பனை நின்றது. 1803இல் தகடுகளையும் விற்காத 240 தொகுதிகளையும் அரசரிடம் கொடுத்து, மகனுக்கு உதவித்தொகை பெற்றார் கோயா. பெயர் சொல்ல முடியாத காலம், ஆகவே கழுதையும் சூனியக்காரியும் வௌவாலும் பேசின, இருட்டும் பேசியது. 32ஆம் தாளில் சிறையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்குக் கோடே கிடையாது, முழுவதும் அக்வாடிண்ட். நல்ல பிரதியில் சுவரின் கருமை அவளை நெருக்கும். தேய்ந்த பிரதியில் அவள் வெறும் சாம்பல் அறையில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். 39ஆம் தாளில் வம்சாவளிப் புத்தகம் காட்டும் கழுதை, அரசவையில் செல்வாக்குமிக்க அமைச்சராக இருந்த மனுவேல் கோதோயைக் குறிப்பதாகப் படிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதுவும் முழு அக்வாடிண்ட்தான். இந்த இரண்டையும் பிந்தைய பதிப்புகளில் வாங்காதீர்கள். குடியானவர் இருவர் கழுதைகளை முதுகில் சுமக்கும் 42ஆம் தாளைத் தாராளமாக வாங்கலாம், அதில் கோடே படத்தைத் தாங்குகிறது.

சோதிக்க 10 மடங்கு பூதக்கண்ணாடி போதும். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது சாதாரண மறுபதிப்பு. போட்டோகிராவூர் (புகைப்படத்தைச் செப்புத் தகட்டில் ஏற்றி அச்சிடும் மறுபதிப்பு) மட்டும் ஏமாற்றும்: அதிலும் ரோசின் துகள் உண்டு, தகட்டுத் தடமும் உண்டு. அதற்குக் கோடுகளைப் பாருங்கள். அசலில் கோடு தொடர்ச்சியாக ஓடும், மை சற்றே மேடாக நிற்கும். கிராவூரில் கோட்டையே துகள் உடைத்திருக்கும். தகட்டுத் தடம் ஏறக்குறைய 21.5 × 15 செ.மீ. ஈரத்தாள் காயும்போது சுருங்குவதால் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபட்டால் பதற வேண்டாம்.

முழு முதல் பதிப்பே கிடைத்தால் முதலில் 45ஆம் தாளைத் திருப்புங்கள். தகட்டில் கீறல் விழுமுன் எடுத்த பிரதியென்றால், தொகுதி அந்தப் பதிப்பிலும் முன்வரிசையைச் சேர்ந்தது. முதல் பதிப்பின் அடையாளமாகச் சொல்லப்படும் மையின் செம்பழுப்பு நிறத்தை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.