உள்ளூர்ச் செய்திச் செயலி: நிகழ்ச்சிப் பட்டியலுக்காகவே வைத்துக்கொள்ளலாம்

சின்ன நகரத்துக்கு எதற்குத் தனியாக ஒரு செய்திச் செயலி என்று கேட்பவர்களுக்கு இதன் 'வரும் வாரம்' பக்கத்தைத்தான் காட்டுவேன். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம், ரத்த தான முகாம், எந்தத் தெருவில் எப்போது சாலைப் பணி என்று பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளாத எல்லாம் தேதிவாரியாக ஒரே இடத்தில் கிடைக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் நுழைவு இலவசமா, சக்கர நாற்காலி போக வழி உண்டா என்று போட்டிருக்கிறார்கள், இதற்கே முழு மதிப்பெண் தரலாம்.

பெரிய குறை ஒன்று உண்டு. ரத்தான நிகழ்ச்சியைச் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நம்பி நாட்காட்டியில் குறித்துவைத்தவர் பூட்டிய அரங்கின் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். நாட்காட்டித் தகவலைச் செயலிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள 1998-இல் வந்த ஐகேலண்டர் (iCalendar) முறையிலேயே 'ரத்து' என்று குறிக்க இடம் இருக்கிறது, அந்த முறையில் பட்டியலை நம் நாட்காட்டியோடு இணைத்துவைக்கும் சந்தா வசதி கொடுத்தால் மாற்றம் தானாகவே போன் நாட்காட்டிக்கு வந்துவிடும், ஏன் செய்யவில்லை என்று புரியவில்லை. அப்புறம், விளம்பரமும் செய்தியும் ஒரே தோற்றத்தில் கலந்து வருகின்றன, இதை உடனே மாற்ற வேண்டும்.

நிறுவியதும் நிகழ்ச்சிகளுக்கான அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள், தொந்தரவு இருக்காது.