குட்டிப் பன்றிகளுக்கான சூடு விளக்கு: மூன்று ஈற்று பார்த்த பிறகு

என்னிடம் ஆறு தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. அதில் ஒன்று தலையீற்றில் பன்னிரண்டு குட்டி போட்டது. மூன்றாம் நாள் காலையில் எண்ணினால் எட்டுதான். மூன்று குட்டிகள் தாயின் அடியில் நசுங்கிப் போயின. நான்காவது சுவரோரம் கிடந்தது. உடம்பில் ஒரு காயமும் இல்லை. கையில் எடுத்தபோது கல் மாதிரி சில்லென்று இருந்தது. அந்த வாரமே இந்த விளக்கு இரண்டு வாங்கினேன். இப்போது மூன்று ஈற்று பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

175 வாட் சிவப்பு இன்ஃப்ரா ரெட் பல்பு, அகலமான அலுமினியக் குடை, குடையின் வாயில் கம்பி வலை, தொங்கவிட ஒரு சங்கிலி, முழுச் சூடு, பாதிச் சூடு என்று மாற்ற ஒரு சுவிட்ச். பெட்டியில் வந்தது இவ்வளவுதான். குடை உறுதியாக இருக்கிறது, வலையும் பற்றவைத்த இடத்தில் விடவில்லை. பாதிச் சூடு சுவிட்ச் தேவையா என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் வாரத்தில் அதுதான் அதிகம் உதவியது.

வளர்ந்த பன்றிக்கும் அன்று பிறந்த குட்டிக்கும் வேண்டிய சூடு வேறு வேறு. பால் கொடுக்கும் தாய்க்கு 18 முதல் 20 டிகிரி இருந்தால் சுகம். ஈரம் காயாத குட்டிக்கு 34 டிகிரி வேண்டும். பிறந்த அரை மணி நேரத்திலேயே அதன் உடல் சூடு 2 டிகிரி இறங்கிவிடும். மனிதக் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உடம்பில் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது, அது எரிந்து சூடு தரும். பன்றிக்குட்டிக்கு அது இல்லை. சுவீடனில் உப்சாலா ஆய்வாளர்கள் 2006-ல் இதற்கான காரணத்தைக் காட்டினார்கள்: அந்தச் சூட்டை உண்டாக்கும் மரபணு பன்றி இனத்தில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது. காட்டில் தாய்ப்பன்றி புல்லும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டிக் குட்டி போடுவது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். கொட்டிலில் இருக்கிற என் பன்றிக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஈனுவதற்கு முதல் நாள் ஒரு கை வைக்கோல் போட்டால் வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலையும். சிமெண்டுத் தரையில் அதனால் கட்ட முடியாத கூட்டின் வேலையைத்தான் இந்த விளக்கு செய்கிறது.

முதல் விளக்கைத் தவறான இடத்தில் கட்டினேன். தாய் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே. இரண்டு மணி நேரத்தில் அது மூச்சு வாங்க ஆரம்பித்தது, காலைத் தீவனத்தில் பாதியை அப்படியே விட்டது. தாய் தின்னாவிட்டால் பால் குறையும், குட்டிக்கென்று கட்டியது குட்டிக்கே கெடுதலாகிவிடும். அப்புறம் குறுக்கே கம்பி வைத்துத் தாய் நுழைய முடியாத ஒரு பக்கவாட்டு இடம் ஒதுக்கி, அதற்கு மேலே மாற்றினேன். தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம், கீழே ஒரு சாக்கு. ஈனுகிற இரவு மட்டும் இன்னொரு விளக்கைத் தாயின் பின்பக்கம் கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுகிறேன், வெளியே விழும் குட்டி அங்கேயே காயட்டும் என்று.

உயரம் சரியா என்று தெர்மோமீட்டர் வைத்துப் பார்ப்பதைவிடக் குட்டிகள் படுத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து, கால்களை அடியில் மடக்கிப் படுத்தால் குளிர்கிறது, விளக்கை இறக்க வேண்டும். வெளிச்ச வட்டத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் வளையமாகப் படுத்தால் சூடு அதிகம், ஏற்ற வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து, கால் நீட்டி, ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாகத் தூங்கினால் சரி. இரண்டாவது ஈற்றில் முதல் முறையாக அப்படிப் பார்த்தேன். பதினொரு குட்டிகள், சிவப்பு வெளிச்சத்தில் காது மடலின் நரம்புகூடத் தெரிந்தது. முக்கால் மணிக்கு ஒரு தடவை தாய் உறுமியதும் எல்லாம் எழுந்து ஓடின. பால் இறங்குவது இருபது விநாடிதான். குடித்துவிட்டு மறுபடி சாக்குக்கே வந்தன. தாயின் வயிற்றோரம் ஒன்றும் தங்கவில்லை. குளிர்ந்த குட்டிதான் தாயை ஒட்டிப் படுத்து, அது புரளும்போது நசுங்குகிறது. விளக்கு அந்த இடத்திலிருந்து குட்டியை இழுத்துக்கொள்கிறது.

இனி குறை. ஒரு விளக்கின் ஹோல்டர் பிளாஸ்டிக். ஒன்பதாம் நாள் இரவு கருகல் வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் ஹோல்டரின் வாய் இளகி பல்பு சாய்ந்து நின்றது. கீழே வைக்கோல். நான் தூங்கியிருந்தால் கொட்டிலே போயிருக்கும். விற்றவரிடம் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார். ஆனால் மாற்றிக் கொடுத்ததும் பிளாஸ்டிக்கே. நானே பீங்கான் ஹோல்டர் போட்டுக்கொண்டேன். இத்தனை சூடு தரும் பொருளில் பிளாஸ்டிக் வைத்தது மன்னிக்க முடியாத தவறு. வாங்குகிறவர்கள் முதலில் அதைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். ஒயரைப் பிடித்துத் தொங்கவிடவும் வேண்டாம், சங்கிலிதான். தாயின் வாய்க்கு எட்டுகிற இடத்தில் ஒயர் போகவே கூடாது, கடித்துவிடும்.

பல்பு எரியும்போது கொட்டில் கழுவினேன், ஒரு சொட்டு தெறித்து ஒரு பல்பு வெடித்தது. அது என் தவறு. மின்சாரம் நாள் முழுக்க எரிந்தால் ஒரு விளக்குக்கு 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. முதல் வாரம் முழுச் சூடு, அப்புறம் பாதி, வாரத்துக்கு 2 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வருகிறேன்.

விளக்கு இருக்கிறதே என்று சீம்பாலை மறக்கக் கூடாது. குட்டி பிறந்து ஒரு நாளுக்குள் குடலின் கதவு மூடிவிடும், அதற்குப் பிறகு குடிக்கிற சீம்பாலிலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் ஏறாது. சூட்டில் சொகுசாகத் தூங்குகிற சின்னக் குட்டி பசியோடு தூங்கலாம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒட்டியிருந்தால் எடுத்துக் காம்பில் வைக்கிறேன். பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் கூடையில் போட்டு விளக்கடியில் வைத்துவிட்டால் சிறியவை நிம்மதியாகக் குடிக்கின்றன.

மூன்று ஈற்றிலும் உயிரோடு பிறந்தவை 34, பால் மறக்கும்வரை வந்தவை 31. இழந்த மூன்றில் இரண்டு நசுங்கியவை, ஒன்று பிறக்கும்போதே மிகச் சிறியது. அடுத்து இரண்டு பன்றிகள் ஒரே வாரத்தில் ஈனப் போகின்றன. சினை 114 நாள் கணக்கில், 112-ஆம் நாளே விளக்கைக் கட்டி எரியவிட்டுப் பார்த்துவிடுவேன். காம்பை அழுத்தினால் பால் வருகிறது என்றால் ஒரு நாளைக்குள் ஈனும், அன்று இரவு சாக்கு சூடாகத் தயாராக இருக்க வேண்டும். இன்னும் இரண்டு விளக்கு வாங்குகிறேன், இதே குடை, இதே சுவிட்ச், பீங்கான் ஹோல்டரோடு.